பவுடர் பூசிய பாதங்கள்

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பெரிய வியாழனன்று எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் கோவிலில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். போன வருடம் அதில் நானும் ஒருவன். பித்தவெடிப்பு தெரியக்கூடாதென்று வீட்டிலேயே கால்களைத் தேய்த்துக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு போனேன்.

ஃபாதருக்கு அன்று இடுப்புப் பிடிப்பு. "என்னால குனிய முடியல. ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுங்க" என்றார்.

என் பக்கத்தில் லாசர். தெருக்குழாய்த் தகராறில் ஆறு மாதமாக நான் பேசாத பக்கத்து வீட்டுக்காரர்.

வேறு வழியில்லாமல் மண்டியிட்டு அவர் பாதத்தைத் தொட்டேன். கூச்சத்தில் அவர் காலை உதற, செம்புத் தண்ணீர் முழுவதும் என் சட்டையில் கொட்டியது. கோவிலே சிரித்தது.

அடுத்து அவர் என் காலை எடுத்தார். தண்ணீர் பட்டதும் பவுடர் வெள்ளையாக ஓடியது.

"இன்னாண்ணா, கழுவிட்டுத்தான் வந்துகீறீங்க. எனக்கு இன்னா வேலை?" என்று சிரித்தவர், வெடிப்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இதோட எப்படி நடக்கிறீங்க?" என்று கேட்டு, வலிக்காமல் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை களிம்போடு என் வாசலில் நின்றார். "உள்ளே வாங்க" என்றேன்.

அவர் காலைக் கழுவியதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. என் காலை அவர் கையில் கொடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. தாழ்மை என்றால் என்னவென்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.