புகை தெரியாத சத்தம்

கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் செத்துப்போன இரண்டு விண்மீன்கள் மோதிக்கொண்டால் அண்டவெளியே லேசாக அதிரும். ஈர்ப்பலைக் கருவிகள் அந்த அதிர்வைப் பிடித்துச் சொன்னதும், அதே நொடிகளில் எங்காவது காமாக் கதிர் மின்னியதா என்று செயற்கைக்கோள் தரவுகளில் தேடுவது என் வேலை. பெரும்பாலும் மின்னியிருக்காது. "தேடினோம், ஒன்றும் தென்படவில்லை" என்று கௌரவமாக ஓர் அறிக்கை அனுப்புவோம். இதற்காக என்னைப் படிக்கவைத்தவள், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் என் அம்மா.

தீபாவளி சீசனில் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். லீவு என்றுதான் பேர், லேப்டாப்பும் கூடவே வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் அலர்ட் வந்தது. வழக்கம்போல் தேடி, வழக்கம்போல் ஒன்றும் கிடைக்காமல் அறிக்கையின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பி அதிர ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் வேலைக்குப் போனவர்களுக்கு யாரும் போன் போடுவதில்லை. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆட்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவருக்குத்தான் போடுவார்கள். ஊரே ஒரே நேரத்தில் போடுவதால் லைன் கிடைக்காது. அப்புறம் எந்தத் திசையில் புகை என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன்.

பக்கத்து வீட்டுச் சித்தியின் மகளும் அம்மாவோடுதான் வேலைக்குப் போயிருந்தாள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, வானத்துல வெடிச்சதையே எங்கனன்னு கண்டுபிடிப்பியாம்ல. இது எங்கனன்னு சொல்லுலே."

வெளிச்சத்துக்குப் பிறகு எத்தனை நொடியில் சத்தம் வந்தது என்று தெரிந்தால் தூரத்தைச் சொல்லலாம். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ லேப்டாப்பை. நாலு பக்கமும் பார்த்தோம். கருவேலங்காடு, செல்போன் டவர், வெறும் வெயில்.

"ஒண்ணும் தெரியல சித்தி" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். முழுசாக நம்பவும் முடியவில்லை. தென்படவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது என எத்தனையோ அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன்.

அரைமணி நேரம் கழித்து டிரைவர் லைனில் கிடைத்தார். எல்லோரும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஏதோ போர் விமானம் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்ததாம், அந்தச் சத்தமாம். மாடியில் நின்ற அத்தனை பேரும் தரையோரமாகவே தேடியிருக்கிறோம். வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அம்மா நேராக வந்து என் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தாள்.

"விமானம்னு சொல்லிட்டாகளேம்மா" என்றேன்.

"அது பொறவுதான சொன்னாக. நம்ம தெருவுல ரெண்டு வீட்டுல கள்ளத்தனமா வெடி சுத்துறாக. நீ வேற வீட்டுல இருக்க. சத்தம் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலலே."