நாலடி நீண்ட பீம்

நான் அடிமுட்டாள். நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குக் கண்டுபிடிக்கும் சிரமம் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் வேலை பார்த்தேன். கூரையைத் தாங்கும் எந்த பீமுக்கு எத்தனை கம்பி என்று கணக்குச் சொல்லும் புரோகிராம் நான் எழுதியதுதான். ஒரு கட்டடத்துக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். ஒரு சுவரை நகர்த்தினாலும் எல்லா பீமுக்கும் மறுபடி முதலிலிருந்து. டீக்கடைக்குப் போய் வம்பளந்துவிட்டு வந்தாலும் பாதியில்தான் நிற்கும்.

அதனால் ஒருமுறை போட்ட விடையை பீம் நம்பரோடு சேமித்து வைக்கச் செய்தேன். அடுத்த முறை அதே நம்பர் வந்தால் கணக்கே போடாது. பழைய விடையை எடுத்து நீட்டிவிடும். முக்கால் மணி வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

"பொல்லாத ஆளுங்க நீங்க!" என்றார் இன்ஜினியர்.

ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

நம்பர் அதேதான், ஆனால் பீமின் நீளம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல மட்டும் மறந்திருந்தேன்.

வெள்ளகோவிலில் விசைத்தறி ஷெட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "தறிக்கு நடுவால நடக்க வழி வேணுமுங்க, ஷெட்ட இன்னும் நாலடி அகலம் பண்ணிப்போடுங்க" என்றார். பீம்களின் நீளத்தை நாலடி கூட்டிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் பழைய கம்பிக் கணக்கையே சொன்னது. கான்கிரீட்டும் போட்டாயிற்று. மேலே நூல் குடோனுக்கு ஒரு மாடி எடுக்கலாமா என்று அவர் கேட்ட பிறகுதான் இன்ஜினியர் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"மேல எடுக்கறது இருக்கட்டுங்க. இந்த நீளத்துக்குக் கம்பி பத்தாது, இருக்கற கூரையவே இடிச்சுப்போடோணும்."

அதற்குள் தறிகள் வந்து இறங்கியிருந்தன. ஐப்பசி மழையும் வந்திருந்தது. நாங்கள் போனபோது, அந்தக் கூரைக்கடியில் வைக்க முடியாமல் தறிகள் வெளியே தார்ப்பாய்க்கடியில் நின்றன. ஷெட்காரர் குனிந்து ஒவ்வொன்றாகத் துருவைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மறுபடி கட்டி முடிக்கத் தை பிறந்துவிடும் என்று இன்ஜினியர் சொன்னார். துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கம்ப்யூட்டர் பழசையே எடுத்துக் குடுத்துப்போட்டதுங்க" என்றேன். அது ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் செய்த வேலை போல.

தார்ப்பாய் ஓட்டையில் தண்ணீர் சொட்டியது. சும்மா நிற்கக் கூசி, தரையில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்தேன்.

"ஏனுங்க, நானும் ரெண்டு தறி துடைக்கட்டுங்களா?"

"தொடாதீங்க."