டேங்கில் ஒட்டிய கருப்பட்டி

பெட்ரோல் டேங்கின் அடியில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டியைத் தம்பி திருப்புளியால் சுரண்டினான். கருப்பட்டி மணத்தது!

அது அப்பாவின் ஆறு சிலிண்டர் பிக்கப். பழைய வண்டிகளுக்கான பந்தயத்தில் ஓட்ட, தம்பி அதைப் புதுப்பிக்கிறான். எடை குறைய வேண்டுமென்று நீளச் சீட்டைக் கழற்றிவிட்டு, தனக்கு மட்டும் ஒரு சின்னச் சீட்டை மாட்டியிருந்தான்.

சின்ன வயதில் எங்களுக்கு வாராவாரம் பந்தயம்தான். உடன்குடியில் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு வண்டியில் திசையன்விளைச் சந்தைக்குப் பறப்பார்கள். அப்பா வண்டியின் நீளச் சீட்டில் அம்மாவும் நாங்களும் இருப்போம். முதலில் போகிற வண்டிக்கு வேப்பமர நிழல் கிடைக்கும். மற்றவர் கருப்பட்டி வெயிலில் இளகிவிடும்.

ஒருநாள் பாதி வழியில் டேங்க் ஒழுகியது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ஆரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார். அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இறங்கி, ஒரு துண்டுக் கருப்பட்டியை மென்று, வெற்றிலைச் சுண்ணாம்போடு குழைத்து ஓட்டையில் அப்பினாள்.

"பெட்ரோல்ல கருப்பட்டி கரையாது. எடுங்க வண்டிய!"

சந்தைக்குச் சற்று முன்னால் சித்தப்பாவை முந்தினோம். அம்மா சன்னலில் தலையை நீட்டி, "கொழுந்தனாரே, பைய வாங்க!" என்று கூவினாள்.

இப்போது என் சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா கொட்டகைக்கு வந்தாள். கட்டியைப் பார்க்கவேயில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, நான் எங்கன இருக்க?"

"எடை கூடுனா தோத்துருவோம்மா."

"நான் இல்லாம உங்கப்பா என்னைக்குலே ஜெயிச்சாரு?"

தம்பி போய் நீளச் சீட்டைத் தூக்கிவந்தான்.