தண்ணீர் உலக்கை

அபர்டீன் பஜாரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மாஸ்டர் இஞ்சி இடிக்கிறார். டொக். கொஞ்சம் யோசிக்கிறார். டொக். அந்த இடைவெளியில் எனக்குப் பாராடாங் தீவு ஞாபகம் வந்துவிடும், டீ ஆறிவிடும்.

அறுபதுகளின் கடைசியில் அங்கே ரோடு போடும் கேம்பில் நான் ஸ்டோர் கிளார்க். வயசு இருபத்து மூன்று, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்ட ஜல்லி உடைத்த கிரஷரில், கல்லைக் கடித்து நொறுக்கும் இரும்புத் தாடை ஒருநாள் விரிசல் விட்டது. புதுசு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். மழைக்குள் பாலம் முடியாவிட்டால் கேம்பைக் கலைத்து, கூலி ஆட்களை அதே கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கூலி ஆட்களில் ஒருவரான ஆறுமுகம் அண்ணனுக்கு மெட்ராஸில் யாரும் இல்லை. பர்மாவில் பிறந்து, தவாய்ப் பக்கம் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி, இரண்டு பெண்களோடு தீவுக்கு வந்து இறங்கியவர்.

"அங்க கல்ல தண்ணிதான் பாபு இடிக்கும்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

நான்கே நாளில் செய்துகாட்டினார். நீளமான மரம், நடுவில் அச்சு. ஒரு முனையைத் தொட்டியாகக் குடைந்து, மறுமுனையில் இரும்புப் பூண் போட்ட உலக்கையைச் செருகியிருந்தார். சின்ன வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த ஓடைத் தண்ணீர் நிரம்பினால் தொட்டி சாயும், உலக்கை எழும்பும். தண்ணீர் கொட்டிப்போனதும் உலக்கை தொம்மென்று கல்மேல் விழும். டீசல் வேண்டாம், ஆள் வேண்டாம். மெதுவுதான், ஆனால் ஓயாது. பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு இடிக்கு நடுவில்தான் பேச முடியும். "கப்பல்ல ஏத்திருவாங்களோ..." தொம். "...பாபு?"

மேகம் கூடியது. வேகமாக இடிக்கட்டுமே என்று ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டேன், பெரிய இன்ஜினியர் மாதிரி. காலையில் போனால் சத்தமே இல்லை. கொட்டக் கொட்ட நிரம்பிய தொட்டி எழும்ப முடியாமல் கிடந்தது. உலக்கை வானத்தைப் பார்த்து நின்றது.

"கிஸ்னே கியா?" என்று மேஸ்திரி கத்தினார். யார் செய்தது?

அண்ணன் வாய்க்காலைப் பார்த்தார், சேறு ஒட்டிய என் செருப்பைப் பார்த்தார். "மேரா கல்தி, சாப்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

கப்பலில் ஏற்றுவதற்கான பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதச் சொன்னார் மேஸ்திரி. எழுதியது நான்தான். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அண்ணன் கல்லை அடுக்கி வாய்க்காலைப் பாதி அடைத்தார். உலக்கை மறுபடி இடித்தது. மழைக்கு இரண்டு நாள் முன்னால் பாலம் முடிந்தது, பட்டியலைக் கிழித்துப் போட்டார்கள். அண்ணன் குடும்பம் தீவிலேயே தங்கிவிட்டது.

புதுத் தாடை வந்த அன்று தைரியம் வந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, அந்த வாய்க்கால நான்தான்..." என்றேன். கிரஷர் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் காதருகில் கையை வைத்துச் சிரித்தார்.

"கேக்கல பாபு."

நான் திரும்பச் சொல்லவில்லை. இப்போது அந்த உலக்கையும் இல்லை, அவரும் இல்லை. மனுசன் ஒரு வார்த்தை பேச இடம்விட்டு வேலை செய்த மெஷினை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.