கூப்பிட்டால் வரும் கிளி

எங்கள் வீட்டில் கிளியைக் கூண்டுக்குள் அனுப்புவதற்கென்றே ஒரு துண்டு இருந்தது. பச்சைக் கோடு போட்ட பழைய துண்டு. சாயங்காலம் ஆறரைக்கு அம்மா ஃபேனை அணைத்துவிட்டு அதை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தாலே கிளி கத்த ஆரம்பித்துவிடும். திரைச்சீலைக் கம்பி, டிவி, அலமாரி என்று மாறி மாறிப் பறந்து, களைத்து, கடைசியில் சோபாவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அம்மா துண்டைப் போட்டு அமுக்கி எடுத்து உள்ளே விடுவார். அதற்குள் அவர் விரலில் ஒரு கடியாவது விழுந்திருக்கும்.

சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோப்பில், பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு அது. கூட விழுந்த இரண்டும் செத்துவிட்டன. அப்பா இதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இறகு முளைக்காத உடம்பு, மூடிய கண், பெரிய மூக்கு. கம்பு மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினோம். அம்மா அதை அம்மணி என்று கூப்பிட்டார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். குரல் கேட்டால் நாங்கள் இருவரும் திரும்புவோம், இருவருமே போகமாட்டோம்.

"ரெண்டு அம்மணியும் ஒன்னுதான். கூப்பிட்டா ஒன்னாவது வருதா பாரு" என்பார் அப்பா.

மூன்றாவது வருடம் அதன் கழுத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு வளையம் வந்தது. ஆண் கிளிக்குத்தான் அப்படி வருமாம். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, நம்ம அம்மணி ஆம்பளையாட்ட இருக்குது!" என்று அம்மா சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். பெயரை யாரும் மாற்றவில்லை.

பம்ப் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அதைத் திட்டிப் பயனில்லை. எங்கே காற்று புகுகிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். கிளி விஷயத்தையும் போன வருடம் அப்படித்தான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கூண்டுக்குள் போனால் அதற்கு என்ன நடக்கிறது? கதவு சாத்தப்படுகிறது. விளக்கு அணைகிறது. விடியும்வரை யாரும் வருவதில்லை. பிறகு அது ஏன் தானாகப் போக வேண்டும்?

ஃப்ரிட்ஜ் கதவில் விதிகளை ஒட்டினேன். துண்டு கூடாது. துரத்தக் கூடாது. வேகவைத்த கடலைக்காய் கூண்டுக்குள் மட்டும்தான். கூப்பிட டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டு. தட்டினால் கடலைக்காய் கட்டாயம் இருக்க வேண்டும். இருந்ததிலேயே முக்கியமான விதியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: பத்துத் தடவை உள்ளே போனால் ஒன்பது தடவை கதவைச் சாத்தக் கூடாது.

கூண்டு, அப்பா தன் லேத் பட்டறையில் கம்பி வெட்டி வெல்டு வைத்துச் செய்தது. கதவு விழும் சத்தத்துக்கே கிளி பதறியது. அதைச் சொன்னதும் கொக்கியை மாற்றி, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். "இப்பக் கதவு சாத்துனது அதுக்கே தெரியாது கண்ணு" என்றார்.

முதல் மாதம் கூண்டின் மேல் உட்கார்ந்து கழுத்தை மட்டும் உள்ளே நீட்டியது. அடுத்த மாதம் ஒரு கால். தினமும் எத்தனை தடவை தட்டினேன், எத்தனை தடவை போனது, கதவு சாத்தினேனா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதினேன். நடுவில் ஒருநாள், பெருந்துறையில் சித்தி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா ஸ்பூனைத் தட்டி, அது உள்ளே வந்ததும் சாத்திவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அதன்பின் பதினொரு நாள் அந்தச் சத்தத்துக்குக் கிளி முதுகைக் காட்டியது.

"நான் என்ன அடிச்சனா? கதவத்தானே சாத்துனேன்."

"கூப்பிட்டு வெச்சுச் சாத்துனீங்கம்மா. அதுதான் தப்பு."

"அடேயப்பா. பெத்தவளுக்கே பரீட்சை வெக்கறா."

எட்டு மாதத்தில் கட்டங்கள் எல்லாம் டிக் ஆயின. மாடி அறையில் இருந்தாலும் சரி, இரண்டு தட்டுக்குப் படிக்கட்டு வழியே பறந்து வந்து, கூண்டு வாசலில் ஒரு நொடி நின்று, உள்ளே போய் உட்கார்ந்தது. துண்டை அம்மா சமையலறையில் பிடிதுணியாக்கிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன்.

நிறையப் பேர் கை தட்டினார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "இது நம்ம காட்டுக் கிளிங்க. ஊட்ல வெச்சுக்கறது சட்டப்படி தப்பு. தெரியாதுங்களா?"

உண்மையாகவே தெரியாது. தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. கடையில் விற்கிற வெளிநாட்டுப் பறவைகள் வேறு, இது வேறு.

"ஊரெல்லாம் கூண்டு தொங்குது. யாரு வந்து கேக்கறாங்க?" என்றார் அப்பா.

"யாரும் கேக்கலீங்கப்பா. ஆனா தெரிஞ்சுபோச்சே."

என் வேலையில் தப்பான அளவைப் பார்த்த பிறகு தாளில் டிக் போட முடியாது. அதை மட்டும்தான் அப்பாவிடம் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் தோப்புக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். இது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கத்தும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஸ்பூனைத் தட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து அதன் கவனத்தைத் திருப்புவதில் எனக்கு எவ்வளவு தேர்ச்சி என்று என் தாளிலேயே குறிப்பு இருக்கிறது.

"அப்பொ சன்னலத் தொறந்து உட்டுரு. போகட்டும்."

"அதுக்குக் காக்காய்க்குப் பயப்படத் தெரியாதுங்கப்பா. பசிச்சா யாரு ஊட்டு டம்ளர் சத்தத்துக்காவது போயி நிக்கும்."

வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீங்களாகக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். எடுத்துப்போக ஒரு சின்னக் கூண்டு வேண்டும், கிளி அதைப் பார்த்ததே இல்லை. கடைசி நாளில் அமுக்கிப் பிடித்து அதற்குள் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சின்னக் கூண்டை ஹாலில் வைத்து, உள்ளே கடலைக்காய் போட்டு, இரண்டு தட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பது தடவை கதவைச் சாத்தவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏமாத்தறதுக்கு இத்தன ட்ரெய்னிங்கா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அது பூஜை அறைக் கதவின் மேல் உட்கார்ந்திருந்தது. தட்டினேன். வந்தது. வாசலில் எப்போதும்போல ஒரு நொடி நின்றது. உள்ளே போய்க் கடலைக்காயைக் காலில் பிடித்து உரிக்கத் தொடங்கியது. கதவைச் சாத்தினேன். அந்தக் கதவிலும் சைக்கிள் டியூப் ஒட்டியிருந்தது. அப்பா எப்போது ஒட்டினார் என்று எனக்குத் தெரியாது.

பட்டறை வேனை அப்பாவே ஓட்டினார். காந்திபுரம் நெரிசலில் டவுன் பஸ்கள் ஹாரன் அடிக்க அடிக்கக் கிளி என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. கம்பி வழியாக விரலை நீட்டினேன். அதில் மூக்கைத் தேய்த்தது.

அலுவலகத்தில் என் வயதுள்ள ஒரு பெண் ஊழியர் கூண்டை மேஜைமேல் வாங்கி வைத்து, சுற்றிப் பார்த்தார். "றெக்கை வெட்டலைங்களா? நல்லதுங்க" என்றார். பெரிய வலைக்கூண்டில் மற்றக் கிளிகளோடு விடுவார்களாம். பறந்து பறந்து தெம்பு வந்ததும், ஆளைக் கண்டால் விலகிப் போகிற கிளிகளை மட்டும் கூட்டமாக வெளியே விடுவார்களாம்.

"மத்ததுங்க?"

"ஆளுகிட்ட வர்றத வெளிய உட்டா யார் ஊட்டுக்காவது போயி மாட்டிக்குமுங்க. அதுக இங்கயேதான்." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "இது கூப்பிட்டா வருமுங்களா?"

என் பையில் அச்செடுத்த தாள் இருந்தது. கிளியின் பழக்கங்கள், பதினான்கு வரி. என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எந்தப் பக்கம் தூங்கும். ஆறாவது வரியில் ஸ்பூனும் டம்ளரும் இருந்தன: எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி. யாரும் அதைத் துரத்திப் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதிய வரி. அதைக் கொடுத்தால் அங்கேயும் அது தானாகவே கூண்டுக்குள் போகும். காலமெல்லாம் போகும்.

"வராதுங்க" என்றேன்.

சட்டத்துக்குப் பயந்து அவ்வளவு தூரம் வந்தவள், அரசாங்க மேஜைக்கு முன்னால் நின்று சொன்ன முதல் பதிலே பொய். அவர் நிமிர்ந்து பார்த்தார். கிளி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "துண்டு போட்டுத்தான் புடிக்கோணுங்க. கூப்பிட்டா எங்க வருது."

விரலை உருவிக்கொண்டேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். பழக்கங்களை எழுதித் தரச் சொன்னபோது, பையிலிருந்த தாளை எடுக்காமல், அவர்கள் கொடுத்த காகிதத்தில் கையால் எழுதினேன். பதின்மூன்று வரி.

திரும்பும்போது சிங்காநல்லூர் தாண்டியதும் அப்பா, "டீ குடிக்கலாமா கண்ணு" என்றார். கடையில் டீ ஆற்றுகிறவர் டம்ளரில் ஸ்பூனைத் தட்டிக் கலக்கினார். நாங்கள் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டோம்.

நான் சொன்ன பொய் அதன் நல்லதுக்குத்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வேறு யாரும் அதைக் கூப்பிடக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பொய்யில் எவ்வளவு இருந்தது என்று பிரித்து எழுதப் பார்த்தேன். வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். எட்டு மாதம் நான் எதிலிருந்து அதைக் காப்பாற்றினேனோ, அந்தத் துண்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தேன். அதே பெண் எடுத்தார்.

"கழுத்துல வளையம் போட்டதுங்களா? அய்யோ, அது பயங்கரமுங்க. கிட்டப் போனாலே கத்துது. வலை போட்டுப் புடிச்சதுல ரெண்டு பேரக் கடிச்சிருச்சு."

"வெளிய விடுவீங்களா?"

"இப்படியே இருந்துச்சுன்னா விடலாமுங்க. பாக்கலாம்."

போனை வைத்தபின் அம்மா கேட்டார். "என்ன சொல்றாங்க கண்ணு? நல்லாருக்குதாமா?"

"கடிக்குதாமுங்கம்மா."

அம்மா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். பழைய தழும்பு ஒன்று அதில் இருக்கிறது. "எப்படிப் புடிச்சாங்களோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.