காப்புக் கட்டிய கையோடு சென்னைக்குப் பறந்தேன்

ஆத்தாளை நம்பி நிற்கிற எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் செல்வமீனா. குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊர். போன வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் எனக்குச் செய்ததை நாலு பேரிடம் சொன்னால்தான் மனசு ஆறும்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுது கண் வீங்கிப் போய், யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன். கல்யாணம் நின்று போன பெண் மாதிரி இருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நின்று போக இருந்தது கல்யாணம் இல்லை, ஜெர்மனி.

நுண்ணுயிரியலில் முதுகலை முடித்ததும் அங்கே ஒரு பால் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. அதை ஊருக்கு விளக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். "வேலை மாதிரிதான், ஆனா படிப்பு. படிப்பு மாதிரிதான், ஆனா சம்பளம் குடுப்பாங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். பருப்புப் பொடி அரைத்தாயிற்று. திருச்சியில் போய்க் கம்பளி ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று. நம்ம ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

இந்த வாய்ப்பு கிடைத்தால் மகள் கையாலேயே முளைப்பாரி எடுக்க வைப்பதாக அம்மா ஆத்தாளிடம் வேண்டியிருந்தார். கிடைத்துவிட்டதால் சந்தோஷமாகச் சட்டியில் விதை போடத் தயாரானேன். அப்போதுதான் ஊர்க்கூட்டத்தில் திருவிழா நாளைக் குறித்தார்கள். வீசாவுக்காக நான் சென்னைக்கு நேரில் போக வேண்டிய வியாழக்கிழமை, காப்புக் கட்டுக்கும் முளைப்பாரி ஊர்வலத்துக்கும் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. முளைப்பாரி எடுக்கிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பு; தினமும் ராத்திரி கோயில் வாசலில் கும்மி கொட்டவும் வந்து நிற்க வேண்டும். சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஒரு ராத்திரியாவது வெளியில் கழியும். ஓடுகிற பஸ்ஸில் தூங்கினால் அது ராத்தங்கியதாகக் கணக்கா என்றெல்லாம்கூட யோசித்தேன். வீசாவுக்கு வேறு நாள் தேடினேன். கிடைத்த நாளெல்லாம் நான் ஜெர்மனியில் போய்ச் சேர வேண்டிய தேதியைத் தாண்டித்தான் இருந்தது.

"அடுத்த வருசம் எடுத்துக்கலாம்மா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றேன்.

"ஆத்தாளுக்குக் கடன் வச்சிட்டுக் கடல் தாண்டுவியா? அங்கிட்டுப் போயி ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?" என்றார் அம்மா.

எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை நம்பித்தான் நான் பட்டமே வாங்கினேன். ஆத்தாளை நம்புவதில் எனக்கு என்ன சங்கடம்? ஆனால் ஜெர்மனியை விடவும் மனசு வரவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனோம். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டுல எதை விடணும்னு நீயே சொல்லிரு ஆத்தா. என்னால முடியல" என்று அழுதேன்.

பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் போன் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அம்மா பேசுவார். "காப்புக் கட்டுறதுக்குள்ள வந்துருவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"காலையில பிளேன் ஏறுனா மத்தியானச் சோத்துக்கு அங்க இருப்பேன் அண்ணி. எலையைப் போட்டு வைங்க."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து சோற்று நேரத்துக்கு வந்துவிடலாம் என்றால், சென்னைக்குப் போய்ப் பொழுதுசாயத் திரும்ப முடியாதா? எங்கள் பக்கத்தில் பிளேன் என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய்தான். சென்னை என்றால் பஸ்தான். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் நிறைய ஆளோடு போய், வாசலில் நின்று கையாட்டி எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து சென்னைக்கும் பிளேன் உண்டு என்பது என் படிப்புக்கு உதிக்கவே இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுதுகொண்டிருந்த மகள் திடீரென்று சிரித்ததும் அம்மா பயந்து போய் வேப்பிலை பறிக்கக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பூசாரி ஐயாவிடம் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ராத்தங்கக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு. பறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லி வைக்கலையே. வெளக்கு வச்சுக் கும்மி கொட்டுறதுக்குள்ள வந்துரு தாயி" என்றார்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை, மஞ்சள் காப்புக் கட்டிய கையோடு முதல் முறையாக விமானம் ஏறினேன். வீசா அலுவலகத்தில் கைரேகை எடுத்த அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஊர்ல திருவிழாவா?" என்று கேட்டார். "ஆமாங்க, முளைப்பாரி" என்றேன். "எங்க ஊர்லயும் காப்புக் கட்டியாச்சு. எனக்கு லீவுதான் கெடைக்கல. எனக்கும் சேத்துக் கும்மி கொட்டிருங்க" என்றார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

திரும்பும்போதுதான் சோதனை. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. விமானம் தாமதம் என்றார்கள், மறுபடியும் தாமதம் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளேன் நனைந்துகொண்டு நிற்கிறது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது ஆத்தாமேல் எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு இப்படி நடுவழியில் உட்கார வைக்கலாமா? "வந்த வேலை முடிஞ்சிருச்சு. என்னை வீட்டுல கொண்டுபோய்ச் சேரு" என்று மனசுக்குள் சண்டை போட்டேன். பிறகு சண்டை போடவும் தெம்பில்லாமல் அவள் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. கார் வைத்துக்கொண்டு காத்திருந்த சித்தப்பா, நான் ஏறியதும் வண்டியை விரட்டினார். கீரனூர் தாண்டும்போது, கும்மி முடிந்தே போயிருக்கும் என்றே நினைத்துவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்தால் கும்மிச் சத்தமே இல்லை. கோயில் வாசலில் பெண்கள் எல்லாரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணல் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் மழையாம். கும்மி கொட்டுகிற இடம் சேறாகிவிட்டதால் விளக்கே இன்னும் வைக்கவில்லையாம். சென்னையில் என்னை நிறுத்தி வைத்த அதே மழை, இங்கே ஊரையும் எனக்காக நிறுத்தி வைத்திருந்தது. நான் அப்படியே கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டேன்.

"வந்துட்டியா? எந்திரிச்சு நாலு சட்டி மண்ணை அள்ளு. காலு வழுக்குது" என்றார் அம்மா. அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

முளைப்பாரியைத் தலையில் சுமந்துபோய் அவள் காலடியில் வைத்தேன். வீசாவும் வந்தது. இதை ஜெர்மனியில் என் அறையில் இருந்துதான் எழுதுகிறேன். இங்கே பயம் வராமல் இல்லை. ஆனால் வேண்டுகிற விதம் மாறிவிட்டது. ஆத்தாளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எதை விடட்டும் என்று. அந்தக் கேள்விக்கு அவள் பதிலே சொல்லவில்லை. இரண்டையும் கையில் கொடுத்தாள். உங்களுக்கும் மனசு ரெண்டுபடுகிற நேரம் வரும். அப்போது அவளுக்குச் சிரமம் என்று நினைத்து நீங்களாகக் குறைத்துக் கேட்காதீர்கள். வேண்டியதை முழுசாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். வழி அவள் பாடு.