புளியமரத்தில் கத்திய கம்ப்யூட்டர் பாடம்

மைக்செட் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எண்பதுகளில் நடந்தது.

பல்கலைக்கழக மாணவர்கள் ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் போட்டிருந்தார்கள். மைக்செட்டும் ஜெனரேட்டரும் என்னுடையவை. நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. ஒயரை முறுக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பேன்.

அவர்களுடைய ஆசிரியை விஜயா மேடம் கம்ப்யூட்டரில் பாடம் நடத்த வந்திருந்தார். பாடம் கேசட்டில் இருந்தது. கேசட்டின் சத்தத்தைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பாடத்தை ஏற்றிக்கொள்ளும். மலை வளைவுகளில் குலுங்கி, அவருடைய டேப் ரெக்கார்டர் செத்துவிட்டது.

"இன்னிக்கு ஓடலைன்னா பொட்டிய பீரோவுல வெச்சிப் பூட்டிடுவேம்மா. சாக்பீஸே போதும்" என்றார் கூட வந்திருந்த துறைத்தலைவர்.

மேடம் என்னிடம் ஓடிவந்தார். "அண்ணா, உங்க டேப் இருக்குல்ல?"

என் டேப் ஆம்ப்ளிபயரோடு சேர்ந்தது. அதிலிருந்து ஓர் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டினால்தான் பாடம் ஏறியது. கூட்டினால் புளியமரத்தில் கட்டியிருந்த ஹாரன் ஸ்பீக்கரும் அலறும். ஹாரனைக் கழற்றினால் ஆம்ப்ளிபயர் கருகிவிடும்.

"கத்தட்டும்ணா!" என்றார் மேடம்.

'கீ... கிர்ர்ர்...' மலை முழுக்கக் கேட்டது. சாமைக் கொல்லைகளிலிருந்து ஆட்கள் காட்டுப்பன்றி விரட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"பன்னி எந்தப் பக்கம் பூந்துச்சி?"

"பன்னி இல்லிங்க, பாடம்!" என்றான் ஒரு மாணவன்.

"இன்னா பாடம்பா, இந்தக் கத்து கத்துது?"

"ஆஃப் பண்ணுய்யா! மானம் போவுது!" என்று துறைத்தலைவர் குமிழைத் திருக வந்தார். நடுவில் நின்றால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நான் செட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "சுடும் சார்! தொடாதீங்க சார்!" எனக்கும்தான் சுட்டது.

சட்டென்று அலறல் நின்றது. கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டிவியில் கோடுகள் எழுந்தன. ஒரு கோடு முயல்கள், இன்னொன்று நரிகள். எண்ணிக்கையைத் தட்டினால் எது பெருகும், எது அழியும் என்று காட்டும். மாணவர்கள் பெஞ்சில் ஏறி நின்றார்கள். கொல்லைக்காரர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். துறைத்தலைவர் வேண்டாவெறுப்பாக நரிகளை அள்ளிப் போட்டார்.

"நரிய கொறைங்க சாமி!" என்றது ஜன்னல்.

அவர் கேட்கவில்லை. முயல் தீர்ந்தது, பட்டினியில் நரியும் தீர்ந்தது. மலையே சிரித்தது.

துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தபா போடும்மா. இந்த வாட்டி மொசலு சாவாது, பாரு."

அடுத்த முகாமுக்குக் கம்ப்யூட்டரை ஜீப்பில் அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளே, வேலை ஓடும்போது யார் அதட்டினாலும் செட்டை விடாதீர்கள். முடிந்த பிறகு அவர்களை உள்ளே கூப்பிட்டு, அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.